உனக்காக நான் வாங்கிய வெற்றிலை

மகனுக்கு,

நலமா என்று கேட்டுத்தான் கடிதத்தை ஆரம்பிக்க வேண்டும். எனக்கு அதைக் கேட்கவே கூச்சமாக இருக்கிறது. நீ நலமாக இல்லை என்று வாசுதேவநல்லூரில் ஒரு வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, காப்பித் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, சொல்லிவிட்டு வந்தவள் நான்தான். அன்றைக்குச் சாயந்தரமே நீ பையை எடுத்துக்கொண்டு திருநெல்வேலி பஸ் ஏறினாய். போன் அடித்தால் எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினால் டிக் நீலமாக மாறுவதே இல்லை. அப்பாவோடு மட்டும் பேசுகிறாய். விசைத்தறிச் சத்தத்தில் பாதிச் செவிடாகிப்போன மனுஷன் அவர். ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு, எனக்குத் தெரியக் கூடாதென்று கொல்லைப்பக்கம் போய் நிற்கிறார். அடுப்படி ஜன்னலுக்கு நேர் எதிரே! நீ சாப்பிட்டது, தூங்கியது, மாத்திரை போட்டது எல்லாம் எனக்குக் கேட்கிறது. "அம்மா எப்படி இருக்கா" என்று நீ ஒரு தடவைகூடக் கேட்காததும் சேர்த்துத்தான்.

பூமார்க்கெட்டிலிருந்து வந்து குளித்துவிட்டு எழுத உட்கார்ந்தேன். உட்கார்ந்த மாதிரியா? பால் பொங்குகிற சத்தம் கேட்டது என்று எழுந்து ஓடினால், அடுப்பே பற்ற வைத்திருக்கவில்லை. கொடியில் துணி நனைகிறதோ என்று போய்ப் பார்த்தேன். வெயில் மண்டையைப் பிளக்கிறது. உனக்குத்தான் நெஞ்சு படபடக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இந்தப் பத்து நாளாக எனக்கும் ஒரு இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. கட்டிய பூச்சரத்தைப் பிரித்துப் பிரித்துக் கட்டுகிறேன். பக்கத்துக் கடைக்காரி, "என்னக்கா, பூவுக்கு வலிக்கப்போவுது" என்கிறாள்.

நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன். உனக்குத் தெரிந்ததும் வரும், தெரியாததும் வரும். பாதியில் மடித்து வைத்துவிடாதே.

நம் குடும்பத்தில் யாரும் தவில் தொட்டதில்லை. அப்பா தறி, நான் பூ. பத்தாவது முடித்ததும் நீ இசைப்பள்ளிக்குப் போகிறேன் என்றபோது எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் கோவிலில் முதல் தடவை நீ மேளச் செட்டோடு உட்கார்ந்து வாசித்த அன்று, மாலை கொடுக்க வந்த சாக்கில் தூணோரம் நின்று கேட்டேன். நாயனக்கார அண்ணாச்சி வாசிப்பதை நிறுத்திவிட்டு உன்னைப் பார்த்துத் தலையாட்டினார். எனக்குக் கால் தரையில் இல்லை. மறுநாளே நம் பூக்கடையை உனக்கு ஆபீஸாக மாற்றிவிட்டேன். கல்யாண மாலை சொல்ல வருகிறவர்கள் எப்படியும், "மேளத்துக்கு யாரைச் சொல்லலாம்" என்று ஒரு பேச்சுப் பேசுவார்கள் இல்லையா? "என் மகன் செட்டு இருக்குல்லா!" என்று நான் முந்திக்கொள்வேன்.

அவர்களும் தாம்பூலத் தட்டை அங்கேயே நீட்டிவிடுவார்கள். நீ தூங்கிக்கொண்டிருப்பாய், இல்லையென்றால் வெளியூரில் வாசித்துக்கொண்டிருப்பாய். நான் பூக்கூடையைத் தள்ளி வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வெற்றிலையை வாங்குவேன். வாங்கினால் வாங்கினதுதான். மேளக்காரன் வெற்றிலை வாங்கிவிட்டு வரவில்லை என்றால் அடுத்த கல்யாணத்துக்கு அவனை யாரும் கூப்பிட மாட்டார்கள். இது உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும். தெரிந்துதான் வாங்கினேன். நீ வீட்டுக்கு வந்ததும் தட்டைக் காட்டுவேன். நீ பார்ப்பாய். "சரிம்மா" என்பாய். அந்தச் "சரிம்மா" நாளாக நாளாகச் சின்னதாகிக்கொண்டே போனது எனக்கு உறைக்கவில்லை. மார்கழியில் நீ வேலையில்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவள் நான். சும்மா இருந்தால்தான் உனக்குக் கிறுக்குப் பிடிக்கிறது, கைநிறைய வேலை இருந்தால் தெளிந்துவிடுவாய் என்று நானே ஒரு வைத்தியம் கண்டுபிடித்து வைத்திருந்தேன். பங்குனி, சித்திரை, வைகாசி என்று மூச்சுவிட இடம் கொடுக்காமல் வாங்கினேன்.

அப்படித்தான் இளையரசனேந்தல் பக்கத்துக் கோவில் கொடைத் திருவிழாவும், அது முடிந்த விடிகாலையில் கரிவலம்வந்தநல்லூர் முகூர்த்தமும் ஒட்டி விழுந்தன. "நடுவுல தூங்க நேரம் இல்லையேம்மா" என்றாய். "வேன்ல தூங்கு" என்றேன். கொடையில் உன்னைப் படுத்திய பாட்டைப் பிறகுதான் கேள்விப்பட்டேன். சாமியாடிக்கு அருள் வரவில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அங்கே, "மேளம் சரியில்ல, இன்னும் அடில, இன்னும் வேகமா அடில" என்று சுற்றி நின்று விரட்டியிருக்கிறார்கள். விரலில் மாட்டிய கூடு தெறித்து, வெறும் விரலால் அடித்திருக்கிறாய். ஒருவழியாக அவருக்குச் சாமி இறங்கிவிட்டது. உனக்கு நெஞ்சில் ஏறிய அடி இறங்கவில்லை.

கரிவலம் கல்யாணத்தில் நானும் இருந்தேன், மாலை என்னுடையதல்லவா. மணமேடைக்குப் பக்கவாட்டில் நின்றிருந்தேன். ஐயர் தாலியை எடுத்துக் கொடுத்துவிட்டு விரலை ஆட்டி, "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்றார். அண்ணாச்சி நாயனத்தில் எடுத்துவிட்டார். இரண்டாம் தவில்காரன் எப்போதும் உன்னைப் பார்த்துத்தான் தொடங்குவான், அவன் உன்னையே பார்த்துக்கொண்டிருந்தான். உன் வலது கை தவிலுக்கு மேலே அப்படியே நின்றது. நான் உன் முகத்தைப் பார்த்தேன். வேர்த்து ஊற்றியிருந்தது. கண் என்னைத்தான் பார்த்தது, ஆனால் நீ என்னைப் பார்க்கவில்லை. எவ்வளவு நேரம் இருக்கும்? இரண்டு மூச்சு இருக்கலாம். அந்த இடைவெளியில் பெண்ணுக்கு அத்தை முறையாகிற ஒருத்தி, மண்டபமே அதிரும்படி ஒரு தும்மல் போட்டாள்.

அபசகுனம் காதில் விழக்கூடாது என்றுதானே கெட்டிமேளமே வைத்திருக்கிறார்கள்! இரண்டாமவன் சுதாரித்து அடிக்க ஆரம்பிப்பதற்குள் தும்மல் மாப்பிள்ளை, பெண், வந்தவர், போனவர் எல்லார் காதிலும் விழுந்துவிட்டது. மாப்பிள்ளையின் தாய்மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேடையை விட்டு இறங்கி வந்தார். அடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அதற்குள் நாயனக்கார அண்ணாச்சி நாயனத்தை மடியில் வைத்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். "மன்னிச்சிருங்க மாமா. சின்னப் பைய. கொடையில கொஞ்சம் ஊத்திட்டான் போல" என்றார். தாய்மாமா என் பக்கம் திரும்பி, "அப்படியா பூக்காரம்மா?" என்றார். நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

நீ சொட்டு வாயில் வைத்ததில்லை. எனக்கு அது தெரியும். ஆனாலும் ஆட்டினேன், ஏனென்றால் அது வேலை செய்தது. அவர் முகம் அப்படியே மாறிவிட்டது. "மேளக்காரன் குடிக்காம இருப்பானா" என்று சிரித்துவிட்டுப் போனார். உனக்கு மோர் கொடுக்கச் சொன்னார்கள். குடித்தவனுக்கு ஊரில் மோர் கிடைக்கும், தெளிந்தால் மறுபடி வேலையும் கிடைக்கும். கை தானாக நின்றுபோனவனுக்கு என்ன கிடைக்கும் என்று அந்த நேரத்தில் எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து உன் நெற்றியில் கோமதி அம்மாள் கோவில் புற்றுமண் பூசினேன். அம்மாளுக்கு மாவிளக்கு நேர்ந்துகொண்டேன். அதில் தப்பில்லை, இன்றைக்கும் பூசுவேன். அதோடு நிறுத்திக்கொண்டேன் பார், அதுதான் குறை. நீ தவிலை உறைபோட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாய். குக்கர் விசில் அடித்தால் எழுந்து வெளியே போனாய். காதுக்குள் யாரோ ஓயாமல் சிங்கித் தாளம் தட்டுகிற மாதிரி இருக்கிறது என்றாய். "எதுக்கும்மா இன்னும் உசுரோட உக்காந்திருக்கேன்" என்று ஒரு நாள் என்னிடம் கேட்டாய். நான் நாரை எடுத்துக்கொண்டு பூக்கட்டப் போய்விட்டேன். அப்பாதான் தறிக்கு லீவு சொல்லிவிட்டு, உன்னைக் கையைப் பிடித்துத் திருநெல்வேலிப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். மனுஷனுக்குக் காதுதான் கேட்காது. நீ கேட்ட கேள்வி மட்டும் அவருக்குச் சரியாகக் கேட்டிருக்கிறது.

அந்த டாக்டரம்மா என்னையும் ஒரு நாள் வரச் சொன்னார். பைத்தியம் என்று சொல்லப்போகிறார் என்று நினைத்துக்கொண்டே போனேன். அவர் கேட்டதெல்லாம், "இவர் எப்ப தூங்குவார், எப்ப சாப்பிடுவார்" என்றுதான். எல்லாரும் சாப்பிட்ட பிறகு, கடைசிப் பந்தியில் என்றேன். "ஊரார் வீட்டு நல்ல நாளுக்கெல்லாம் இவர் போகிறார். இவருக்கு நல்ல நாள் எது?" என்றார். படபடப்பு முற்றிப்போய்க் கை நின்றிருக்கிறது, இது நோய்தான், சரியாகும், மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது, இரண்டு ராத்திரி சேர்ந்தாற்போல முழிக்கக் கூடாது என்றார். உன்னைப்போலவே இன்னும் சில வாத்தியக்காரர்கள் வருகிறார்கள், முகூர்த்தமில்லாத நாளாகப் பார்த்து அவர்களைச் சேர்த்து உட்கார வைத்துப் பேசுகிறோம் என்றார். ஆர்கெஸ்ட்ராவில் டிரம்ஸ் அடிக்கிற பையனும், பாளையங்கோட்டைச் சர்ச்சில் கீபோர்டு வாசிக்கிறவரும் அதில் இருப்பதாக நீ சொன்னாய். உள்ளே என்னதான் பேசுவீர்கள் என்று கேட்க எனக்கு நாக்கு அரிக்கிறது. "அங்க பேசுறது அங்கயே இருக்கணும்மா" என்றாய். ஆறே மாதத்தில் நீ தவிலை வெளியே எடுத்தாய். சாயந்தர நேரத்தில் மெதுவாக, கையால் மட்டும் தட்டிப் பார்த்தாய். பூக்கட்டிக்கொண்டே அழுதேன், உனக்குத் தெரியாது.

இப்போது வாசுதேவநல்லூர். தரகர் சொல்லி, பெண்ணைப் பார்க்க நானும் அப்பாவும் போனோம். நல்ல வீடு. பெண் ஸ்கூலில் கிளார்க் வேலை பார்க்கிறாள். காப்பி கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள் அப்பா பழகுவதற்குத் தங்கமான மனுஷன். பேச்சு எல்லாம் முடிந்து நாள் குறிக்கலாம் என்கிற இடத்தில், லேசாகச் சிரித்துக்கொண்டு கேட்டார்.

"மாப்ளைக்குக் கொஞ்சம் தண்ணிப் பழக்கம் உண்டுன்னு காதுல விழுந்துச்சு. கரிவலத்துல கூட ஏதோ..."

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே முடித்தார். "அதப் பத்தி ஒண்ணுமில்ல தங்கச்சி. ஆம்பளப் பிள்ளைக அப்படித்தான் இருப்பானுவ. ஒரு கால்கட்டப் போட்டா எல்லாம் சரியாப் போயிரும்."

தலையை ஆட்டினால் போதும். கரிவலத்தில் ஆட்டின அதே தலைதான். அப்பாவுக்கு அவர் சொன்னது பாதிதான் கேட்டிருக்கும், சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்குச் சுரீர் என்றது. என் பிள்ளை குடிப்பான், ஆனாலும் பரவாயில்லை என்று ஒருத்தர் எனக்கே ஆறுதல் சொல்கிறார்! நாளைக்கு நீ அந்தப் பெண்ணுக்குத் தெரியாமல் மாத்திரையை எங்கே ஒளித்து வைப்பாய்? கை நடுங்குகிற அன்றைக்கு அவள் உன் வாயை மோந்து பார்ப்பாளா? நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். கெட்டாலும் பரவாயில்லை என்று வாயைத் திறந்தேன்.

"அண்ணாச்சி, எம்மவன் குடிக்கமாட்டான். கரிவலத்துல நான் பொய் சொன்னேன். அவனுக்குப் படபடப்பு நோய். திருநெவேலியில டாக்டர்ட்ட போயிட்டு இருக்கான், மாத்திர சாப்பிடுதான். இப்ப நல்லாருக்கான்."

அவர் சிரிப்பு நின்றது. "மனசுக்கா?" என்றார். "ஆமா, மனசுக்குத்தான்" என்றேன். காப்பி ஆறிக்கொண்டிருந்தது. கடைசியில் அவர், "குடிதான்னா கூட சமாளிச்சிரலாம்..." என்று இழுத்தார். நாங்கள் எழுந்தோம். நாங்கள் பஸ் ஏறுவதற்கு முன்பே தரகருக்குப் போன் போய்விட்டது. தரகர் உடனே உனக்குப் போன் அடித்துவிட்டார். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? மறுநாள் மார்க்கெட் முழுக்கத் தெரியும்.

நீ என்னைப் பார்த்து ஒன்றே ஒன்றுதான் கேட்டாய். "அதச் சொல்ல நீ யாரும்மா?" பெற்ற பிள்ளை தாயைப் பார்த்து இப்படியா கேட்பது என்று நீ போன பிறகு கத்தினேன். பாத்திரத்தையெல்லாம் போட்டு உருட்டினேன். உண்மையைச் சொன்னது ஒரு குற்றமா, இவனுக்காகத்தானே சொன்னேன் என்று அப்பாவிடம் சண்டைக்குப் போனேன். அவர் பீடியை அணைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார். "நீ சொன்னது சரிதான்ட்டி. அவன்ட்ட கேக்காம சொன்னதுதான் தப்பு. அந்த வெத்தலயும் இப்படித்தான வாங்குன?"

எனக்குப் பொட்டில் அறைந்த மாதிரி இருந்தது. பொய்யைச் சொன்னபோதும் உன்னைக் கேட்கவில்லை. உண்மையைச் சொன்னபோதும் கேட்கவில்லை. என் வயிற்றில் பிறந்தவன் என்பதால் உன் கை, உன் தூக்கம், உன் நோய் எல்லாம் என் கடைச் சாமான் மாதிரி எடுத்து எடுத்து நீட்டியிருக்கிறேன். எனக்கு வருத்தமாக இருக்கிறது, மகனே. உன் நோயைப் பற்றி வெட்கப்படவில்லை, அதைச் சத்தியமாகச் சொல்வேன். உன்னைக் கேட்காததுதான் நெஞ்சை அறுக்கிறது.

இனி நீ அறியாதது. நேற்று மத்தியானம், கடையில் கூட்டம் ஓய்ந்த நேரம் நாயனக்கார அண்ணாச்சி வந்தார். உன்னைப் பற்றிய பேச்சைக் கேட்டுச் செட்டிலிருந்து எடுத்துவிட்டேன் என்று சொல்லத்தான் வருகிறார் என்று நினைத்து, வாயில் நாலு வார்த்தை தயாராக வைத்திருந்தேன். அவர் ஒரு முழம் பிச்சி கேட்டார். வாங்கிய பிறகும் போகவில்லை. பூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"தங்கச்சி, நெசமாவே அதுக்கு டாக்டர் இருக்காங்களா?"

"எதுக்கு அண்ணாச்சி?"

"எனக்கு நாயனத்த உதட்டுல வச்சா மூச்சு அடைக்கி. ரொம்ப வருசமா. மொத வரிசையில ஆள் உக்காந்திருந்தாப் போதும், செத்துருவேன் போல இருக்கும். அதான் போறதுக்கு முன்னால கொஞ்சம் ஊத்திக்கிடுதேன். ஊத்துனாத்தான் வாசிப்பு வருது." பிறகு ரொம்பத் தணிந்த குரலில், "அன்னைக்கு ஒம் மவனப் பத்திச் சொன்னது என் வாயில தயாரா இருந்தது அதனாலதான். எனக்கு நானே சொல்லிக்கிடுததுதான அது" என்றார்.

எத்தனை வருஷமாக அவரைப் பார்க்கிறோம், எத்தனை கல்யாணம்! அவர் வாசித்தால் நானே பூக்கட்டுவதை மறந்து நிற்பேன். அவருக்குள் இப்படி ஒன்று ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. எனக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. உட்காரச் சொல்லி ஸ்டூலைப் போட்டேன். டாக்டரம்மாவைப் பற்றி, எந்தக் கிழமை, எந்தக் கட்டிடம் எல்லாம் சொன்னேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு, "தனியாப் போவ பயமா இருக்கு தங்கச்சி. வீட்டுல சொன்னா ஒப்பாரி வச்சிருவா. வியாழக்கிழம முகூர்த்தம் இல்ல. தம்பி கூட வந்தாம்னா போயிருவேன்" என்றார்.

"வருவான் அண்ணாச்சி" என்று சொல்ல வாய் வந்துவிட்டது. பல்லைக் கடித்து நிறுத்தினேன். அப்படி ஒரு வார்த்தையை விழுங்கியது என் பிறவியில் இதுதான் முதல் தடவை. "அவன்ட்ட கேட்டுத்தான் சொல்லணும். நீங்க சொன்னத அவனுக்கு எழுதலாமா?" என்றேன். "அவனுக்கு எழுது. அவனுக்கு மட்டும்" என்றார். ஆகவே இதைப் படித்துவிட்டுக் கிழித்துவிடு.

நீ என்மேல் கோபமாக இருக்கலாம், இரு. கோபம் ஆறின பிறகு வீட்டுக்கு வந்தால் போதும். சாப்பிட்டுவிட்டு வாசிக்கப் போ, கடைசிப் பந்திக்குக் காத்திருக்காதே. மறுபடி தவிலைத் தோளில் மாட்டுவதா வேண்டாமா என்பது உன் பாடு. கடைக்கு யார் தட்டோடு வந்தாலும் இனி உன் நம்பரைத்தான் கொடுக்கிறேன். பெண் வீடு தேடுவதையும் நிறுத்திவிட்டேன், தரகர்தான் பாவம்.

இப்போது கேட்கிறேன். அண்ணாச்சியோடு வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போவாயா? போவேன் என்றால் அப்பாவிடம் சொல், நான் அடுப்படி ஜன்னலிலேயே நிற்கிறேன். முடியாது என்றால் முடியாது என்று சொல். காரணம் கேட்க மாட்டேன்.

அம்மா